மற்றப் பாதி எங்கே போனது? (கல்லும் மண்ணும்: வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிலப்பிளவு பற்றியவை. போன இதழில் சாக்கடல் பற்றி நாலு வரி எழுதியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் இந்த மாதம் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன். நெல், தேங்காய், மாட்டு வியாதி பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் உங்கள் முறை.

கேள்வி: சேர், வீட்டு அத்திவாரத்துக்கு ஒரு லோட் கருங்கல் இறக்கினோம். அதில் ஒரு கல்லில் வெள்ளைக் கோடு ஒன்று நேராக ஓடிவந்து, நடுவில் அறுந்து, ஒரு பெருவிரல் அகலம் தள்ளிப்போய் மறுபடி ஓடுகிறது. யாரோ வெட்டிப் பிழையாக ஒட்டினது மாதிரி இருக்கிறது. இது பழுதான கல்லா? அத்திவாரத்தில் போடலாமா? (நெடுங்கேணி வாசகர்)

போடலாம், ஆனால் போடாதீர்கள். அந்தக் கல்லைக் கழுவி வீட்டு வாசலில் வையுங்கள். உங்கள் கையில் இருப்பது ஒரு நிலப்பிளவு, முழுசாக, இரண்டு பக்கமும் சேர்ந்து. உலகத்தில் பெரிய பிளவுகள் ஆயிரம் கிலோமீற்றர் ஓடுகின்றன, அவற்றில் நின்று பார்த்தால் ஒரு பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும். உங்களுடையதை மடியில் வைத்துப் பார்க்கலாம்.

அந்த வெள்ளைக் கோடு குவாட்ஸ் என்கிற கனிமம். கல் நிலத்துக்கு ஆழத்தில் சூடாகக் கிடந்த காலத்தில் அதில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. அதற்குள் சிலிக்கா கரைந்த வெந்நீர் புகுந்து, ஆறி, வெள்ளையாக உறைந்திருக்கிறது. அதுக்குப் பிறகுதான் வேறொரு திசையில் கல் உடைந்து ஒரு பக்கம் வழுக்கியிருக்கிறது. வெட்டுப்பட்டது முந்தியது, வெட்டினது பிந்தியது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே புவிச்சரிதவியல்காரர் மலை மலையாக வயது வரிசை போடுகிறார்கள்.

இன்னொன்றையும் இதில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாரும் குழப்புகிற இடம் இது. கல்லில் கீறல் இருந்தால் அது வெடிப்பு மட்டும்தான். இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று விட்டு நகர்ந்திருந்தால்தான் பிளவு. நகர்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? வெள்ளைக் கோடு மாதிரி ஏதாவது ஒன்று கீறலைக் கடக்க வேண்டும். அது நேராகக் கடந்தால் நகரவில்லை. அறுந்து தள்ளி இருந்தால், அந்தத் தூரம்தான் நகர்ந்த தூரம். ஆகவே பிளவைத் தேடுகிறவன் முதலில் கேட்கிற கேள்வி ‘மற்றப் பாதி எங்கே?’ என்பதுதான்.

மற்றக் கற்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்ல கல், ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கலாம், அதை அத்திவாரத்தில் இறக்காதீர்கள்.

கேள்வி: நான் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். சாக்கடல் உலகத்திலேயே மிகத் தாழ்ந்த நிலம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். வேதாகமத்தில் வருகிற சோதோம் கொமோரா என்ற ஊர்கள் அழிந்தபோது நிலம் இறங்கினதா, அந்தக் கடலைச் சுற்றி நிற்கிற மலைச்சுவர்கள் எப்படி வந்தன என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை, ஐயா. (மடுப் பக்கத்து வாசகி)

தங்கச்சி, நல்ல கேள்வி கேட்கிற பிள்ளைகள் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார்கள். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

செங்கடலின் வடக்குக் கொம்பாகிய அகபா வளைகுடாவிலிருந்து தொடங்கி, சாக்கடல், யோர்தான் ஆறு, கலிலேயாக் கடல், லெபனான், சிரியா என்று தென் துருக்கி வரைக்கும் சுமார் 1,000 கிலோமீற்றருக்கு நிலத்தில் ஒரு கோடு ஓடுகிறது. பூமியின் ஓடு பெரிய பெரிய துண்டுகளாக உடைந்து மெதுவாக நகர்கிறது, அந்தத் துண்டுக்குத்தான் தகடு என்று பெயர். கிழக்குப் பக்கம் அரேபியத் தகடு. மேற்குப் பக்கம் ஆபிரிக்கத் தகட்டோடு சேர்ந்த சினாய்த் துண்டு. இரண்டும் வடக்கு நோக்கித்தான் போகின்றன, ஆனால் கிழக்குப் பக்கம் வேகமாகப் போகிறது. ஒரே ரோட்டில் இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் ஓடி ஒன்று மற்றதை முந்துவது போல. முந்துகிற வேகம் வருடத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர், ஒரு நெல்மணியின் நீளம்கூட வராது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. மேற்குப் பக்கம், தெற்கே, திம்னா என்ற இடத்தில் செம்புக் கனிமம் உள்ள பாறை இருக்கிறது. சாலொமோன் காலத்தைச் சுற்றியும் அங்கே செம்பு உருக்கியிருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் யோர்தான் நாட்டில், ஃபைனான் என்ற இடத்தில், அதே பாறை, அதே செம்பு. ஆனால் அது நேர் எதிரே இல்லை, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. நெடுங்கேணிக் கல்லின் வெள்ளைக் கோடு மாதிரியே, அறுந்து தள்ளிப் போயிருக்கிறது. யோர்தானில் வேலை செய்த ஆல்பர்ட் குவென்னல் என்ற பிரித்தானியப் புவிச்சரிதவியலாளர் 1950களில் இப்படி இரு கரையிலும் பாறைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, நகர்வு 107 கிலோமீற்றர் என்று கணக்குச் சொன்னார். பிறகு வந்தவர்கள் 105 என்கிறார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. இப்ப பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுங்கள்: வருடத்துக்கு 5 மில்லிமீற்றர் போனால் 100 கிலோமீற்றர் போக எத்தனை வருடம்? விடை 2 கோடி. வேறு வழிகளில் பார்த்த வயதும் அதைச் சுற்றித்தான் வருகிறது. ஒரு செம்புப் பாறையை நூறு கிலோமீற்றர் கொண்டுபோனது இந்த நெல்மணி வேகம்தான்.

சரி, இரண்டும் பக்கவாட்டில் உரசிப் போனால் பள்ளம் எங்கிருந்து வந்தது? ஒரு கொப்பித்தாள் எடுக்கச் சொல்லுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கிக் கிழிக்க வேண்டும். நடுவில் வந்ததும் இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் திருப்பிக் கிழித்து, மறுபடி மேல்நோக்கிக் கிழித்து முடியுங்கள். தாளை மேசையில் பொருத்தி வைத்துவிட்டு வலப்பக்கத் துண்டை மட்டும் மெதுவாக மேலே தள்ளுங்கள். நடுவில், அந்தத் திருப்பத்தில், பெட்டி மாதிரி ஒரு ஓட்டை திறக்கும். அதுதான் சாக்கடல். பிளவு தெற்கே கடலின் கிழக்கு ஓரமாக வந்து, வடக்கே போகையில் மேற்கு ஓரத்துக்கு மாறுகிறது. அந்த மாறுகிற இடத்தில் நிலம் இழுபட்டு, நடுத்துண்டு உள்ளே இறங்கியிருக்கிறது. இறங்க இறங்க ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி நிரப்பியும் தீரவில்லை, கடலுக்கு அடியில் கிலோமீற்றர் கணக்கில் படிவு கிடக்கிறது. அவ்வளவும் நிரப்பிய பிறகும் நீர்மட்டம் சாதாரணக் கடல் மட்டத்துக்கு 430 மீற்றருக்கும் கீழே.

மலைச்சுவர்களுக்கு வருவோம். எங்கள் பாடப்புத்தகத்தில் ‘ஓங்கல்’ என்ற சொல் வரும், செங்குத்தாக ஓங்கி நிற்கிற பாறைமுகம். சாக்கடலின் மேற்குக் கரையில் அப்படி நூற்றுக்கணக்கான மீற்றர் உயரத்துக்குச் சுண்ணாம்புக்கல்லும் அதன் இனத்தைச் சேர்ந்த தொலமைற்றுக் கல்லும் படை படையாக நிற்கின்றன. டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்தவை அவை. அந்தப் படைகளின் தொடர்ச்சி உள்ளே இறங்கிய துண்டில் ஆழத்துக்குப் போய்ச் சேறு மூடிக் கிடக்கிறது, வெளியே நின்ற துண்டு சுவராகத் தெரிகிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள், இன்றைக்கு நாங்கள் படத்தில் பார்க்கிற ஓங்கல் முகம் பிளவு வெட்டின அதே முகம் இல்லை. மழை, வெயில், வெள்ளம், கல் உருளல் எல்லாம் சேர்ந்து அதைத் தின்று தின்று பின்னுக்குத் தள்ளியிருக்கின்றன. அடியில் கிடக்கிற கற்குவியலைப் பார்த்தாலே எவ்வளவு தின்னப்பட்டது என்று தெரியும். கிழக்குக் கரையில், யோர்தான் பக்கம், சிவந்த மணற்கல் ஓங்கல்கள். இரு கரையும் ஒரே நிறமாக இல்லை. அத்தோடு, அந்த நூறு கிலோமீற்றர் நகர்வால், இன்றைக்கு எதிரெதிரே நிற்கிற பாறைகள் ஆதியில் அயல்வீடுகள் அல்ல.

சாக்கடல் கரையில் உள்ள கும்ரானில் பழைய வேதச் சுருள்கள் கிடைத்த குகைகளையும் பிள்ளைகள் கேட்பார்கள். 1947ஐ ஒட்டி முதலில் கண்ட குகை இந்தச் சுண்ணாம்புக்கல் ஓங்கலில் இருப்பது. அதிகமான சுருள் துண்டுகள் கிடைத்த நாலாம் குகை, ஓங்கலுக்கு முன்னால் இருக்கிற மெதுவான வெள்ளை மண்மேட்டில் கையால் குடைந்தது. அந்த வெள்ளை மண்ணைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்விக்குச் சொல்கிறேன்.

சோதோம் பற்றி: பள்ளம் ஒரு நாளில் இறங்கினதில்லை, கோடிக்கணக்கான வருடமாக இறங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கரையில் ஊர்கள் நடுக்கத்தில் அழிந்ததும் உண்மை, பல தடவை அழிந்திருக்கின்றன. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், ஒன்று மற்றதைக் கெடுக்காது.

இன்னும் ஒரு கதை. இங்கே இடம் போகிறது, பரவாயில்லை. கலிலேயாக் கடலுக்கு வடக்கே யாக்கோபின் துறை என்கிற ஆற்றுக் கடவையில் 1178இல் சிலுவைப்போர் வீரர்கள் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே அவர்களோடு போரிட்ட சுல்தான் சலாதீன் அதைப் பிடித்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் அந்தக் கோட்டை பிளவுக்கு நேர் மேலே, குறுக்காக, கால் விரித்து நின்றிருக்கிறது. 1202 மே 20 அதிகாலை நிலம் குலுங்கியபோது கோட்டை மதில் அறுந்து 1.6 மீற்றர் தள்ளிப் போனது. பின்னால் இன்னொரு அரை மீற்றர், அது 1759இல் நடந்த நடுக்கத்தோடு பொருந்துகிறது. இன்றைக்கும் மதிலின் இரண்டு துண்டும் நேருக்கு நேர் வராது. உங்கள் வளவு வேலியை நினைத்துப் பாருங்கள், பின்னேரம் நேராக நட்டு வைத்த கதியால் வரிசை, விடிய எழும்பிப் பார்த்தால் நடுவில் அறுந்து பாதி வேலி அடுத்த வளவுக்குள் நிற்கிறது. எல்லைக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டாலே எங்கள் ஊரில் வழக்கு வந்துவிடும்.

கேள்வி: வேதாகமக் கதையில் வருகிற லோத்தின் மனைவி உப்புத்தூணாக நிற்கிற சாக்கடல் கரை மலையைப் படத்தில் பார்த்தேன். மலை முழுக்க உப்பு என்கிறார்கள். நான் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவன், உப்பு மழைக்கு நிற்காது. மலை எப்படி நிற்கிறது? (பரந்தன் வாசகர்)

அண்ணை, உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம். மழை பெய்தால் அந்த மலையும் கரையத்தான் செய்கிறது. அங்கே வருடத்துக்கு மழை மிகக் குறைவு, ஆனால் அது மட்டும் காரணமில்லை. சோதோம் மலை, சுமார் 11 கிலோமீற்றர் நீளம், இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்துக்குள் கடல்நீர் வந்து வற்றி, உங்கள் பாத்தியில் உறைகிற மாதிரியே உப்பு உறைந்து, கனத்த படையாகக் கிடந்தது. அதுக்கு மேலே மண்ணும் கல்லும் ஏறி அழுத்தின. பாத்தியில் வாருகிறபோது உப்பு நொறுங்கும் பொருள், ஆனால் மேலே பெரும் பாரத்தை வைத்து நீண்ட காலம் விட்டால் அது பிசைந்த மா மாதிரி மெதுவாக வழியும். சுற்றியிருக்கிற பாறையை விடப் பாரமும் குறைவு. ஆகவே பிளவு ஓரமாகப் பாதை கிடைத்த இடத்தில் பிதுங்கி மேலே வந்துவிட்டது, இன்றைக்கும் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் வருகிறது. மழை கரைக்கிறது, அடியிலிருந்து புதிது வருகிறது. கரைந்த நீர் உள்ளே ஓடி ஓடிக் குகைகளும் வைத்திருக்கிறது. அதில் மல்ஹம் என்ற குகையை 2019இல் அளந்து முடித்தபோது 10 கிலோமீற்றர் வந்தது, உலகத்தில் நீண்ட உப்புக் குகை அதுதான்.

தூண் மாதிரி நிற்பது மலை ஓரத்தில் மழைநீர் இடைவெளிகளைக் கரைத்துவிட மிஞ்சிய துண்டு.

கேள்வி: பூமியதிர்ச்சி எழுத்தில் பதியாத காலத்தில் நடந்ததை எப்படித் தேதி போட்டுச் சொல்கிறார்கள்? எனக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கிறது. (முத்தையன்கட்டுப் பக்கத்து விவசாயி)

குளம் வற்றின கோடையில் குளத்துக்குள் இறங்கி நின்றிருப்பீர்கள்தானே. துருசுக்குக் கிட்ட, சேறு காய்ந்து வெடித்த இடத்தில் ஒரு பாளத்தைப் பெயர்த்து ஓரத்தைப் பாருங்கள். நான் ஒருமுறை அப்படிப் பெயர்த்த பாளத்தைப் பேனாக் கத்தியால் சீவிப் பார்த்தேன். கடுதாசி அடுக்கினது போல மெல்லிய படைகள், ஒன்று பரும்படி மணல் கலந்தது, அடுத்தது வழுவழுப்பான களி, திரும்ப மணல், திரும்பக் களி. மாரி வெள்ளம் வேகமாக வந்தபோது போட்டது மணல், பிறகு தண்ணீர் அமைதியாக நின்றபோது இறங்கினது களி. ஒரு இடத்தில் மட்டும் படைகள் கலங்கி, கஞ்சி மாதிரிக் குழம்பியிருந்தன, மாடு மிதித்த இடம். அதுக்கு மேலே திரும்பவும் ஒழுங்கான படை. ஆகவே மாடு இறங்கியது எந்தப் படைக்குப் பிறகு, எந்தப் படைக்கு முன் என்று விரலை வைத்துச் சொல்லமுடியும்.

சாக்கடலில் இதேதான், மாட்டுக்குப் பதில் நிலநடுக்கம். சுமார் 70,000 வருடத்துக்கு முன் தொடங்கி 14,000 வருடத்துக்கு முன் வரை அங்கே இன்னும் பெரிய ஏரி ஒன்று இருந்தது, லிசான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோடையில் தண்ணீரிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புப் பொருள் ஒன்று மெல்லிய படையாக இறங்கும், மாரி வெள்ளத்தில் கருமண் இறங்கும். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, சேர்ந்தால் ஒரு வருடம். மேலே சொன்ன கும்ரான் வெள்ளை மண்மேடு இதுதான். இன்றைக்கு ஏரி சுருங்கிவிட்டதால் ஓடைகள் அந்தப் படிவை வெட்டி, சுவர் சுவராகத் திறந்து வைத்திருக்கின்றன. அந்தச் சுவரில் ஆயிரக்கணக்கான நேர்க்கோடுகளுக்கு நடுவே, அங்கங்கே ஒரு படை மட்டும் அலை அலையாக மடிந்தோ குழம்பியோ கிடக்கும், மேலும் கீழும் நேர்க்கோடு. ஏரி அடியில் இருந்த ஈரச் சேறு குலுங்கிய நாள் அது. மேலே இருந்து கோடுகளை எண்ணிக்கொண்டு போனால் எந்த வருடத்துக்குக் கிட்ட என்று வந்துவிடும்.

நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எழுத்தில் பதிந்த நடுக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. கி.மு. 31இல் நடந்த பெரிய நடுக்கத்தைப் பற்றி ஜொசிஃபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். 1927 ஜூலை 11 நடுக்கம் கருவியிலேயே பதிந்தது. வேதாகமத்தில் ஆமோஸ் ஆகமத்தின் முதல் வசனத்திலேயே ‘பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருடத்துக்கு முன்’ என்று வருகிறது, அது உசியா அரசன் காலம், கி.மு. எட்டாம் நூற்றாண்டு. சாக்கடல் அடிச்சேற்றைத் துளைத்து எடுத்துப் பார்த்தவர்கள் அந்த நூற்றாண்டுக்குரிய குழம்பிய படையையும் கண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் நம்ப எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

கேள்வி: 2004 மார்கழி 26 எங்கள் கடலை எழுப்பினதும் ஒரு பிளவுதான் என்கிறார்கள். நான் அன்றைக்கு அண்ணனையும் அவர் இரண்டு பிள்ளைகளையும் விட்டவன். அந்தப் பிளவு எப்படிப்பட்டது? சாக்கடலில் இருக்கிற மாதிரிப் பிளவு என்றால் கடல் எழும்புமா? (கள்ளப்பாடு வாசகர்)

தம்பி, கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

அது வேறு வகைப் பிளவு. சாக்கடலில் இரண்டு பக்கமும் பக்கவாட்டில் உரசிப் போகின்றன. சுமாத்திராவுக்கும் நிக்கோபாருக்கும் மேற்கே, கடலடியில், எங்கள் பக்கத்துத் தகடு மற்றதற்குக் கீழே சரிந்து நுழைகிறது. சரிவு செங்குத்தாக இல்லை, படுத்த சரிவு, ஓட்டுக் கூரையை விடவும் தட்டையானது. நுழைகிறபோது மேலே இருக்கிற தகட்டின் விளிம்பையும் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போகும், நூற்றாண்டுக் கணக்காக, பலகையின் நுனியை அழுத்தி வளைப்பது போல. ஒரு நாள் பிடி விடும். அன்றைக்கு இலங்கை நேரம் காலை 6.58க்குப் பிடி விட்டது. பத்து நிமிடத்துக்குள் 1,200 கிலோமீற்றருக்கும் மேலே பிளவு திறந்துகொண்டு வடக்கே ஓடியது. வளைந்திருந்த விளிம்பு நிமிர, கடலடி மீற்றர் கணக்கில் மேலே தள்ளப்பட்டது, மேலே நின்ற தண்ணீர் முழுவதும் அதோடு எழும்பியது. விளிம்புக்குப் பின்னால் இருந்த நிலம் தாழ்ந்தது. நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நாலு மீற்றர் இறங்கி, அங்கே இருந்த வெளிச்சவீடு கடலுக்குள் நிற்கிறது. ஆழ்கடலில் அந்த அலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் வரும். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் கடந்து முல்லைத்தீவுக்கு வர அதற்கு இரண்டு மணித்தியாலம் போதும். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்ல அப்போது இந்து சமுத்திரத்தில் அதற்கென்று ஒரு ஏற்பாடே இருக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அது.

பக்கவாட்டுப் பிளவு என்றால் என்ன நடக்கும் என்பதை நீங்களே அனுபவித்திருக்கிறீர்கள். 2012 ஏப்ரல் 11 பின்னேரம் எச்சரிக்கை வந்து எல்லாரும் கரையை விட்டு ஓடினோமே, ஞாபகம் இருக்கும். அதுவும் சுமாத்திராவுக்கு மேற்கேதான், அளவு 8.6. அவ்வளவு பெரிய நடுக்கத்துக்குக் கடல் பெரிதாக எழும்பவில்லை, ஏனென்றால் தகடு பக்கவாட்டில் உரசியது, கடலடியை மேலே தூக்கவில்லை. கருவிகளில் பதிந்த பக்கவாட்டு நடுக்கங்களில் அதுதான் மிகப் பெரியது. ‘சும்மா ஓட வைத்தார்கள்’ என்று அன்றைக்குக் கோபப்பட்டவர்கள் பலர். சும்மா இல்லை. நடுக்கம் பதிந்த முதல் நிமிடங்களில் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாது. அத்தோடு பக்கவாட்டுப் பிளவும் எப்போதும் சாது இல்லை, 2018 செப்டெம்பரில் இந்தோனேசியாவின் பாலு நகரில் அப்படிப்பட்ட பிளவு நகர்ந்துதான் கடல் ஊருக்குள் வந்தது. ஆகவே எச்சரிக்கை வந்தால் ஓடுங்கள். பத்து முறை சும்மா ஓடினாலும் பதினோராவது முறையும் ஓடுங்கள், பிள்ளைகளையும் அப்படியே பழக்குங்கள்.

கேள்வி: சேர், வன்னியில் இப்படிப் பிளவு வெடிக்குமா? எங்களுக்கு ஏன் ஓங்கல்கள் இல்லை? ஒரு பிளவை நானே போய்ப் பார்க்க முடியுமா? (வவுனியா, உயர்தர மாணவி)

மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய், பிள்ளை. முதலாவதற்குச் சுருக்கமாக: சாக்கடல் மாதிரித் தகட்டு எல்லை எங்களுக்குக் கிட்ட எங்கும் இல்லை. இலங்கை இந்தியத் தகட்டின் உட்பக்கம் இருக்கிறது. எல்லைகள் வடக்கே இமயமலையிலும் கிழக்கே சுமாத்திராப் பக்கமும். உட்பக்கத்திலும் சிறு நடுக்கங்கள் வரும், பழைய வெடிப்புகள் அசையும், அவற்றைப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் கருவி வைத்துப் பார்க்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையிலும் ஒரு கருவி இருக்கிறது.

இரண்டாவது எனக்குப் பிடித்தது. புவிச்சரிதவியலில் எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒன்று இருக்கிறது, தெரியுமா? இலங்கையின் மிகப் பழைய பாறைகளைப் பிரிக்கிறபோது அதில் ஒரு பிரிவுக்கு ‘வன்னித் தொகுதி’ என்று பெயர். வவுனியாவில் நீ நிற்கிற நிலத்துக்கு அடியில் அதுதான். இந்தப் பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 60 கோடி வருடத்துக்கு முன், பெருங்கண்டங்கள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தபோது, சுமார் 20 கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து பிசைபட்டவை. அவற்றின் மேலே அன்றைக்கு நின்ற மலைகளை நினைத்துப் பார். அவ்வளவும் தேய்ந்து, கழுவப்பட்டு, கடலுக்குப் போய், அடிப்பாகம்தான் இன்றைக்கு எங்கள் காலடியில் கல்லும் கிரவலுமாகக் கிடக்கிறது. வன்னி தட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான், உயர்ந்ததெல்லாம் தேய நிறையக் காலம் கிடைத்தது. பரந்தனுக்கு வடக்கே போனால் இந்தப் பழம்பாறையை மிக இளைய சுண்ணாம்புக்கல் மூடிவிடும், யாழ்ப்பாணக் கிணறுகள் அதில்தான்.

எங்கள் பாறைக்கும் மற்றப் பாதி இருக்கிறது. இலங்கையின் பழம்பாறைகளுக்குச் சொந்தக்காரப் பாறைகள் தென்னிந்தியாவிலும் மடகஸ்காரிலும் அந்தாட்டிக்காவிலும் கிடக்கின்றன. அந்தப் பெருங்கண்டம் உடைந்தபோது ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு திசையில் போய்விட்டது. திம்னாவையும் ஃபைனானையும் பொருத்திய அதே முறையில்தான் இவற்றையும் பொருத்துகிறார்கள், தூரம் மட்டும் கூட.

மூன்றாவது: முடியும். வெட்டுக்கல் எடுக்கிற குவாரி ஏதாவது இருந்தால் முதலாளியிடம் கேட்டு, வெடி வைக்காத நாளில், பெரியவர் ஒருவரோடு போ. வெட்டின முகத்துக்கு நேர் கீழே நிற்காதே, தள்ளி நின்று பார். முதலில் முகத்தில் இருக்கிற கோடுகளையும் பட்டைகளையும் பார்த்து, எது எங்கே அறுகிறது என்று தேடு. திருகோணமலைக்குச் சுற்றுலா போனால் கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டையும் இதே கண்ணோடு பார்க்கலாம், இரு பக்கப் பட்டைகளும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று. பிறகு குவாரியில் கழற்றிப் போட்டிருக்கிற கற்களில், தேய்த்து மினுக்கினது போல ஒரு முகம் உள்ள கல்லாகத் தேடு. அதில் சீப்பால் வாரின மாதிரி ஒரே திசையில் மெல்லிய கோடுகள் இருக்கும். இரண்டு பாறை ஒன்றையொன்று உரசிப்போன இடம் அது. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டின் மேலே விரலை ஓட்டு. ஒரு பக்கம் ஓட்டினால் வழுக்கும், மற்றப் பக்கம் ஓட்டினால் கொஞ்சம் சொரசொரக்கும். பொதுவாக வழுக்குகிற பக்கம்தான், உன் விரலுக்கு மேலே இருந்து கழன்றுபோன அந்த மற்றக் கல் போன திசை.